எரித்து முடித்த சுண்ணாம்பு

ராமநாதபுரம் ஜில்லாவில் தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோரமாக எந்த ஊருக்குள் நுழைந்தாலும், கட்டிப் பத்துப் பதினைந்து வருஷமே ஆன வீட்டின் சன்ஷேடை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். அடிப்பூச்சு உப்பியிருக்கும். கம்பி ஓடுகிற தடத்திலேயே நீளமாக வெடிப்பு விட்டிருக்கும். வெடிப்பிலிருந்து துருக்கறை சுவரில் வழிந்திருக்கும். கேட்டால் "உப்புக் காத்துல எதுதான் நிக்கும்" என்பார்கள். சொல்லிவிட்டு, பெயர்ந்ததைக் கொத்தித் தள்ளி, அதே கலவையை அதே உப்புத் தண்ணீரில் குழைத்து மறுபடியும் பூசுவார்கள். இன்னொரு பேச்சும் இந்தப் பக்கம் உண்டு. இரும்பாலைக் கழிவு என்று ஆரம்பித்தாலே, "நம்ம ஜில்லாவுல உலையே கிடையாதே, அது சேலத்துக்காரன் பாடு, விசாகப்பட்டினத்துக்காரன் பாடு" என்று முடித்துவிடுவார்கள். இந்த இரண்டு பேச்சையும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்ஷேடின் துருவுக்கும் தூரத்து உலையின் கசட்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

கணக்கு சுண்ணாம்பில் தொடங்குகிறது. இந்தக் கரைக்குச் சுண்ணாம்பு புதிதில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப்பார்களிலிருந்து பவளக்கல்லை வெட்டியெடுத்து, சிலதைச் சுவருக்குக் கல்லாகவே வைத்ததும், சிலதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதும் நம் தாத்தா காலத்துச் சங்கதி. அங்கே இருந்த 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போயிருந்தன. பவளக்கல் எடுத்தது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது. பவளக்கல்லும் அரியலூர்ச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள்தான். 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயு காற்றில் போகும். சிமென்ட் சூளையில் 1,450 டிகிரியில் நடப்பதும் இதுவே. சிமென்டாக அரைபடும் சுட்ட கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர்; அது ஒரு டன் இறங்கும்போது 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. சூளைக்கு எவ்வளவு நல்ல எரிபொருள் கொடுத்தாலும் அந்தப் பாதி குறையாது.

இனி தாதுவை இரும்பாக உருக்கும் ஊதுலைக்கு வருவோம். இரும்புத் தாதுவில் மணலும் அலுமினாவும் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் உலைக்குள் போகின்றன. அங்கேயே அவை சுடப்பட்டு, தாதுவின் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு, உருகிய இரும்பின் மேல் மிதக்கின்றன. இந்தியத் தாதுவிலும் கரியிலும் அலுமினாவும் சாம்பலும் கூடுதல் என்பதால் ஒரு டன் இரும்புக்கு 300 முதல் 400 கிலோ வரை கசடு இறங்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுண்ணாம்பு. எரித்து முடித்த சுண்ணாம்பு அது. அதன் கரியமில வாயு இரும்பின் கணக்கில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அந்தச் சுண்ணாம்பைச் சிமென்டாகப் பயன்படுத்தினால் இன்னொரு கல்லைச் சுட வேண்டியதில்லை. மலையாக ஆலைக்குப் பின்னால் கொட்டி வைத்தால், நிலமும் போகும், மழையில் காரமும் கந்தகமும் கரைந்து இறங்கும்.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

குழப்பம் பெயரில் இருக்கிறது. 'ஸ்லாக்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்கிறோம். இரும்பு செய்யும் ஊதுலையின் கசடு ஒன்று. அந்த இரும்பை எஃகாக்கும் கன்வெர்ட்டரிலும் மின்வில் உலையிலும் வரும் கசடு வேறு. தூத்துக்குடிப் பக்கம் கறுப்பு மணல் போலப் பார்த்துப் பழகிய தாமிரக் கசடு மூன்றாவது, அது இரும்பாலையில் வருவதே இல்லை. மூன்றையும் ஒரே தராசில் வைத்து "ஸ்லாக் நல்லது", "ஸ்லாக் விஷம்" என்று சண்டை போட்டால் தீரவே தீராது.

ஊதுலைக் கசடு சிமென்டாகுமா, வெறுங்கல்லாகுமா என்பது அது குளிரும் விதத்தில் இருக்கிறது. 1,500 டிகிரியில் இறங்கும் குழம்பைக் குழியில் ஊற்றித் தானாக ஆற விட்டால் உள்ளே எல்லாம் படிகமாகிவிடும். ஜல்லிக்கு ஆகும், சிமென்டுக்கு ஆகாது. அதே குழம்பின் மேல் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி நொடியில் குளிர வைத்தால், படிகமாக நேரம் கிடைக்காமல் கண்ணாடி மணலாகச் சிதறும். கண்ணாடிக்குள் அடங்காமல் நிற்கும் சக்திதான் பிற்பாடு சுண்ணாம்பு நீர் பட்டதும் இறுக வைக்கிறது. சிமென்டுக்குப் போகும் கசட்டு மணலில் கண்ணாடி 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று இந்தியத் தர விதியான ஐ.எஸ். 12089 சொல்கிறது. இந்தக் குளிப்பாட்டலில் ஒரு டன் கசட்டுக்கு அரை டன்னுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், கூடவே அழுகிய முட்டை வாடையும் கிளம்பும். ஆவியைப் பிடித்துத் திரும்ப நீராக்கும் கோபுரம் இருக்கிற ஆலைக்கும் இல்லாத ஆலைக்கும் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் படும் பாட்டில் பெரிய வித்தியாசம் உண்டு.

எஃகு உலையின் கசடு இப்படி அடங்காது. கன்வெர்ட்டரில் ஒரு டன் எஃகுக்கு 150 முதல் 200 கிலோ வரை வருகிறது. கனமான கறுப்புக் கல், நல்ல உறுதி. ஆனால் உள்ளே முழுதாகக் கரையாத சுண்ணாம்புத் துணுக்குகள் இருக்கும். தண்ணீர் பட்டதும் அவை நீற்றுச் சுண்ணாம்பாகி ஏறத்தாழ இரண்டு மடங்கு பருமன் ஆகும். மக்னீசியாவும் அதே வேலையைச் செய்யும், ஆனால் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் நிதானமாக. ஆறாத கசட்டைத் தரைக்கு அடியில் நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டினால், முதல் மழைக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாம் வருஷம் தரை கூன் போடும். அதனால்தான் ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பு எஃகுக் கசட்டு ஜல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் சேர்க்கவே கூடாது என்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு, அடிப்படுகைக் கான்கிரீட்டில் முழுவதும் சேர்க்கலாம். அதற்கும் பருமன் விரிவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்குக் கொண்டுவர, உடைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, சலித்து, திறந்த வெளியில் குவித்துத் தண்ணீர் தெளித்துப் புரட்டிப் புரட்டி ஆறு மாதம் ஒரு வருஷம் ஆற வைக்க வேண்டும். அவசரம் என்றால் நீராவி. ஜப்பானில் திறந்த களத்தில் இரண்டு நாள் நீராவி கொடுக்கிறார்கள், அழுத்தக் கலனில் வைத்தால் சில மணி நேரத்தில் முடிகிறது.

ஆற வைத்த எஃகுக் கசட்டுக்கு நல்ல இடம் சாலை. குஜராத்தின் ஹசீராவில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் 2022-ல் ஒரு கிலோமீட்டர் ஆறு வழிச் சாலையை ஏறக்குறைய ஒரு லட்சம் டன் கசட்டால் போட்டார்கள். ஆலை பக்கத்திலேயே இருந்ததால் அங்கே கணக்கு ஒத்துவந்தது. இங்கே ஒத்துவருமா? சேலம் பக்கமிருந்து ராமநாதபுரத்துக்கு 350 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கனரக லாரி ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் சுமக்க சுமார் 100 கிராம் கரியமில வாயு விடும். டன்னுக்கு 35 கிலோ, காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 60 கிலோ வரை போகும். சாதாரணக் கருங்கல் ஜல்லியை உடைத்தெடுக்க டன்னுக்கு ஆவது சில கிலோதான். போதாததற்கு எஃகுக் கசடு கருங்கல்லைவிடக் கனம், அதே பள்ளத்தை நிரப்ப அதிக டன் வேண்டும். ஆகவே ஜல்லிக்குப் பதிலாக எஃகுக் கசட்டை இங்கே கொண்டுவருவது பசுமை ஆகாது, லாரி வாடகை மட்டும்தான். அரைத்த ஊதுலைக் கசடு அப்படியில்லை. கிளிங்கருக்குப் பதிலாக அது ஒரு டன் போனால், அரைக்கும் மின்சாரத்தைக் கழித்தாலும் 700 கிலோவுக்குக் குறையாமல் மிச்சம். 60 கிலோ லாரிச் செலவு அதற்கு முன்னால் பெரிதில்லை. கரைக்கு வர வேண்டிய கசடு எது, ஆலைக்குப் பக்கத்திலேயே முடிய வேண்டிய கசடு எது என்று பிரிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மீதி இருக்கிற உலைத்தூசி, கழுவுசேறு, உருட்டாலைச் செதில் பற்றி அதிகம் பேச வேண்டாம். செதிலில் எழுபது விழுக்காடு இரும்பு, அது உலைக்கே திரும்புகிறது. மின்வில் உலைத்தூசியில் துத்தநாகமும் ஈயமும் இருக்கும், அபாயக் கழிவு. அதற்கு எந்தக் கரையிலும் இடமில்லை.

தென்கடலும் வடகடலும்

செயற்கைப் பார் போடக் கசட்டுக் கல் ஆகாதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கேள்வியில் தப்பில்லை. ஜப்பானில் எஃகுக் கசட்டில் கட்டிகள் செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள், பாசியும் பவளமும் ஒட்டி வளர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே இறக்கியது லாரியிலிருந்து அப்படியே கொட்டிய கல்லை அல்ல. கரியமில வாயுவை உள்ளே செலுத்தி, மிஞ்சிய சுண்ணாம்பையெல்லாம் மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிய கட்டி. அதன் மேல்தோல் பவளத்தின் எலும்பு எதனால் ஆனதோ அதே பொருள். லார்வா வந்து ஒட்டுவதற்கு அது தோது. ஆற வைக்காத கசடு தண்ணீரின் பி.எச். அளவை 11, 12 என்று காரமாக ஏற்றும். கடல்நீரில் அந்தக் காரம் பட்டதும், கடலில் ஏராளமாகக் கரைந்திருக்கும் மக்னீசியம் வெள்ளையாகத் திரிந்து தண்ணீரைப் பால் போலக் கலக்கும்.

தென்கடலான மன்னார் வளைகுடாவின் திறந்த பக்கம் நீரோட்டம் உண்டு, கரைத்துக் கொண்டுபோகும். வடகடலான பாக் விரிகுடா அப்படியில்லை. பெண்கடல் என்று பேர் சொல்கிறோம், அமைதியும் ஆழக்குறைவும் அதன் குணம். பாக் விரிகுடாவின் கடல்புல் வெளிகளும், தீவுக்கும் கரைக்கும் நடுவே தேங்கி நிற்கும் ஓரங்களும் வெளிச்சத்தை நம்பிப் பிழைப்பவை. அங்கே பால் கலங்கினால் புல்லுக்கும், அதை மேயும் கடல்பசுவுக்கும் நேரடி நட்டம். அலைத்தடுப்புக்கும் கரைமேட்டுக்கும் மலிவாகக் கிடைக்கிறது என்று எஃகுக் கசட்டைக் கொட்டும் யோசனை எங்கே வந்தாலும், பருமன் விரிவுச் சோதனையும் கரைவுச் சோதனையும் முடிந்த தாளைக் கேட்க வேண்டும். வனேடியமும் குரோமியமும் எவ்வளவு கரைகின்றன என்று அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கசடு என்றால் குரோமியத்துக்காகவே கடல் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது என் முடிவு.

தாள் இல்லாமல் கைக்கு ஒரு சோதனையும் உண்டு. ஆரத்தி கரைக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் செய்யலாம். ஒரு பிடி கசட்டைக் கழுவாமல் கண்ணாடி டம்ளரில் போட்டு நல்ல குடிதண்ணீர் ஊற்றி ஒருநாள் மூடி வைத்து, தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால், சுண்ணாம்பு மிச்சமிருந்தால் ஆரத்தியாகச் சிவக்கும். மஞ்சளாகவே நின்றால் காரம் பெரும்பாலும் அடங்கிவிட்டது என்று பொருள். உலோகக் கரைவைப் பற்றி மஞ்சள் ஒன்றும் சொல்லாது. சிவந்ததைத் திருப்பி அனுப்ப மட்டும் இது போதும். கிணற்றுத் தண்ணீரிலோ கடல்நீரிலோ செய்தால் அதன் காரமே குழப்பிவிடும்.

வயலுக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். அமில மண்ணுக்கு எஃகுக் கசடு நல்ல மருந்து, நெல்லுக்குச் சிலிக்காவும் கிடைக்கும். முதுகுளத்தூர், கமுதிக் கரிசலும் கடலோர உவர்மண்ணும் ஏற்கெனவே காரம். அங்கே கூடுதல் சுண்ணாம்பு தேவையில்லை. களர் திருந்த ஜிப்சம்தான் வேண்டும்.

குடத்துக் கணக்கு

ஆக இந்தக் கரைக்கு உரியது ஊதுலைக் கசடு கலந்த சிமென்ட். மூட்டையில் 'போர்ட்லேண்ட் ஸ்லாக் சிமென்ட்', 'ஐ.எஸ். 455' என்று அச்சிட்டிருக்கும். கசடு 25 முதல் 70 விழுக்காடு வரை இருக்கலாம். ஐ.எஸ். 1489 என்றிருந்தால் அது அனல்மின் சாம்பல் கலந்தது, ஐ.எஸ். 269 என்றால் கலப்பில்லாதது. கசட்டுச் சிமென்ட் உப்புக் காற்றுக்கு ஏன் தாங்குகிறது என்பதற்கு இரண்டு காரணம். கசடு நிதானமாக இறுகும்போது உள்ளே நுண்துளைகள் அடைபடுகின்றன, உப்பு நுழையும் வேகம் வெகுவாகக் குறைகிறது. நுழைந்த குளோரைடிலும் ஒரு பங்கைக் கசட்டின் அலுமினா பிடித்து உப்புப் படிகமாகக் கட்டிப்போடுகிறது, அது கம்பி வரைக்கும் போவதில்லை. ஐ.எஸ். 456-ன் 2000 பதிப்பே கடல்நீர்க் கட்டுமானத்துக்குக் கசட்டுச் சிமென்டோ, சாம்பல் போன்றவை கலந்த பொசோலானாச் சிமென்டோ நல்லது என்று எழுதியிருக்கிறது. பிறகு ஏன் அந்தச் சிமென்டைப் போட்ட வீடும் சில இடங்களில் உப்பிப் போகிறது? "ஸ்லாக் சிமென்ட் நமக்கு ஒத்துவராது" என்று கொத்தனார் சொல்வது வெறும் வாய்ப்பேச்சா?

இல்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். காரணம் சிமென்டில் இல்லை, அதன் மேல் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. கசடு இறுகுவது இரண்டாம் கட்ட வேலை. முதலில் கிளிங்கர் நனைந்து சுண்ணாம்பு விட வேண்டும், அந்தச் சுண்ணாம்பு பட்டுத்தான் கண்ணாடி கரைந்து இறுகும். அதுவரை ஈரம் விடக் கூடாது. கலப்பில்லாத சிமென்டுக்கு 7 நாள் என்றால் கலப்புச் சிமென்டுக்கு 10 நாள் குறைந்தபட்சம், 14 நாள் வரை நீட்டுவது நல்லது என்பது ஐ.எஸ். 456. மூன்றாம் நாளே காய விட்டால் மேல் மூன்று நான்கு சென்டிமீட்டரில் கசடு பாதி இறுகாமலே நின்றுவிடும். கம்பியைக் காக்க வேண்டிய தோல் அதுதான். அது துளைகளோடு நின்றால் உப்பும் உள்ளே போகும், கரியமில வாயுவும் உள்ளே போகும். அந்த வாயு உள்ளே போனால், பிடித்து வைத்திருந்த குளோரைடும் விடுபடும். சரியாக நனைக்காத கசட்டுக் கான்கிரீட், சாதாரணக் கான்கிரீட்டைவிட மோசமாகப் போவது இதனால்தான்.

இப்போது ராமநாதபுரத்துத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். குடிக்கிற தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாக வாங்கும் தெருவில், கான்கிரீட்டுக்கு 14 நாள் நல்ல தண்ணீர் ஊற்று என்றால் யார் ஊற்றுவார்கள்? 1,000 சதுர அடித் தளத்தில் பாத்தி கட்டி 5 சென்டிமீட்டர் நிறுத்த 4,650 லிட்டர். வெயிலும் காற்றும் நாளுக்கு 6 மில்லிமீட்டர் குடிக்கும் என்று கொண்டால் தினம் 560 லிட்டர், 14 நாளுக்கு 7,800. மொத்தம் 12,000 லிட்டரைத் தாண்டுகிறது. 15 லிட்டர்க் குடத்தில் 800 குடம். அதனால் போர்த் தண்ணீரை விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் குளோரைடு என்று வைத்துக்கொள்வோம், கரையோர போருக்கு அது அதிசயமில்லை. ஆவியான 7,800 லிட்டர் தளத்தின் மேல் விட்டுப் போகும் குளோரைடு 23 கிலோ. தளத்தின் கான்கிரீட் 5 அங்குலக் கனத்துக்கு 11.8 கனமீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கனமீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுதான் ஐ.எஸ். 456 விடுகிற எல்லை. முழுத் தளத்துக்கும் 7 கிலோ. தளம் தாங்கும் அளவைப் போல மூன்று பங்கு உப்பை, கடற்காற்று ஒருநாள்கூடப் படுவதற்கு முன்னால், நாமே பாத்தி கட்டி நிறுத்துகிறோம். அது முழுவதும் உள்ளே போகாதுதான். ஆனால் இறுகாத தோலில் ஒரு பங்கு போனால் போதுமே.

உப்புக் காற்றின் மேல் போட்ட பழியில் பெரும்பங்கு இந்தப் பாத்தித் தண்ணீருடையது என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகு உறுதியாக நினைக்கிறேன். கசட்டைச் சிமென்டில் சேர்த்து 1,000 சதுர அடித் தளத்தில் மிச்சப்படுத்தும் கரியமில வாயு, பாதி கசடு, கனமீட்டருக்கு 360 கிலோ சிமென்ட் என்று வைத்தால், ஏறத்தாழ ஒன்றரை டன். அந்தத் தளத்தை 15 வருஷத்தில் இடித்து மறுபடியும் போட்டால் மிச்சம் அத்தனையும் காற்றோடு போச்சு.

தளம் போடும் நாளும் அதற்குப் பின்னும்

பாத்தியை விட்டுவிடுங்கள். சாக்கும் பாலித்தீனும் போதும். தளத்தின் மேல் ஈரச் சாக்கை ஒன்றின் மேல் ஒன்று அரையடி ஏறும்படி விரித்து, அதன் மேல் பாலித்தீன் தாளைப் போட்டு, ஓரமெல்லாம் மணல்மூட்டையோ செங்கலோ வைத்து அழுத்த வேண்டும். காற்று உள்ளே புகக் கூடாது, அதுதான் முக்கியம். சாக்கு சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தாளைத் தூக்கித் தொட்டுப் பார்த்து சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தெளித்தால் போதும். சிந்துவதையும் சேர்த்து 14 நாளுக்கு 1,000 முதல் 1,500 லிட்டர், அதாவது அதிகம் போனால் 100 குடம். அதை நல்ல தண்ணீராக வாங்கினாலும் கட்டுபடியாகும். சாக்கு உப்பு மூட்டைச் சாக்காகவோ கருவாட்டுச் சாக்காகவோ இருக்கக் கூடாது, சணல் சாக்கை ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். பீம், காலம் என்றால் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி மேலே பாலித்தீனைச் சுற்ற வேண்டும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி ஊற்றி நடுவில் காய விடுவதில் எந்தப் பயனும் இல்லை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் உப்பு உள்ளே இழுக்கப்படும்.

குழைக்கும் தண்ணீரையும், நனைக்கும் தண்ணீரையும் முன்கூட்டியே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம், அதற்கு மேல் போகக் கூடாது. கடல்நீரில் குளோரைடு 19,000. "கொஞ்சம் உப்புக் கரிக்குது, பரவாயில்லை" என்று நாக்கால் முடிவு செய்யும் தண்ணீர் பெரும்பாலும் எல்லையைத் தாண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஊருணி நிறைந்திருக்கும் தை, மாசி தளம் போட ஏற்ற காலம். வெயில் இளசு, சோளகக் காற்றும் கிளம்பியிருக்காது. ஊருணித் தண்ணீர் குடிக்க உள்ள ஊரில் ஊரைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

கடலோரக் கட்டடத்துக்குக் கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம் 30, உப்புச் சாரல் நேரடியாக அடிக்கும் இடத்துக்கு எம் 35. தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், ஒன்றரைக் குடம். இதில் மணலின் ஈரமும் அடக்கம். 100 கிலோ மணலில் 4 விழுக்காடு ஈரம் என்றால் 4 லிட்டர் அங்கேயே வந்துவிட்டது, குடத்தில் அதைக் குறைக்க வேண்டும். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று சித்தாள் இன்னொரு அரைக்குடம் ஊற்றினால் மற்றதெல்லாம் வீண். இளக்கம் வேண்டுமானால் மூட்டைக்கு 250 முதல் 500 கிராம் வரை அட்மிக்ஸர், டப்பாவில் எழுதிய அளவைப் பார்த்து. அரைத்த கசட்டைத் தனியாக வாங்கி மேடையில் மண்வெட்டியால் கலக்கும் யோசனை வேண்டாம், ஒரு சட்டியில் பாதியும் இன்னொரு சட்டியில் கால்வாசியுமாகத்தான் போகும். மூட்டையில் கலந்து வருவதோ, பிளாண்டில் எடைபோட்டு வரும் ரெடிமிக்ஸோதான் நம்பத்தக்கது. கரையோர ஈரத்தில் மூட்டையைத் தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரைத் தொடாமல் வையுங்கள்.

கம்பிக்கு மேல் கான்கிரீட் கனம் கடலோரத்தில் 45 மில்லிமீட்டர், சாரல் படும் இடத்தில் 50. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் கான்கிரீட் ஊற்றும்போது நகர்ந்து கம்பி தகட்டோடு ஒட்டிவிடும், சன்ஷேடில் துருக்கறை முதலில் தெரிவது அந்த இடத்தில்தான். தளம் போடும் அதே கலவையில், கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக்குகளை வார்த்து, கம்பி நூல் பதிப்பது ஒருநாள் வேலை, பிறகு 14 நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் ஊற்றத் தொடங்கி இருட்டுமுன் முடியுங்கள். கசட்டுக் கலவை செட் ஆக நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் காற்றில் காய்ந்தால் மேலே கோழிக்கால் போல வெடிக்கும். மட்டப்பலகை இழுத்து மேல்நீர் மறைந்ததும் பாலித்தீனைப் போர்த்திவிட வேண்டும், சாக்கு மறுநாள் காலை.

சென்ட்ரிங் பிரிக்க அவசரப்படக் கூடாது. 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்குச் சாதாரணச் சிமென்டில் 7 நாளில் முட்டு எடுக்கலாம். கசட்டுச் சிமென்டுக்கு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். 28-ம் நாள் வலிமை சமமாக வந்துவிடும், 7-ம் நாள் வராது. நனைக்கிற 14 நாளும் முட்டு நிற்கட்டும். வாடகைப் பலகைக்காரர் முணுமுணுப்பார், ஒரு வாரக் கூடுதல் வாடகையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பலகையைப் பிரித்ததும் கான்கிரீட்டின் அடிப்பக்கம் மயில்கழுத்து நிறத்தில், நீலமும் பச்சையுமாகத் தெரியும். சிமென்ட் கெட்டுப்போச்சு என்று கொத்தனார் கடைக்கு போன் போடுவது அந்த நேரத்தில்தான். கசட்டில் இருக்கும் கந்தகம் காற்றுப் படாமல் இருந்த நிறம் அது. எதையும் பூசி மறைக்க வேண்டாம். காற்றுப் பட விட்டால் நாளாக நாளாக வெளுத்து, சாதாரணச் சிமென்டைவிட வெள்ளையாக நிற்கும்.